பழைய வண்டிக்கு ஏற்ற வேலை

(போளூரில் உழவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கழனியிலும் கொல்லையிலும் பாடுபடும் பெரியவர்களே, தாய்மார்களே, கையில் கிரீஸ் படிய உழைக்கும் பட்டறைத் தோழர்களே, தொழில் கற்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே!

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் எந்த ஊருக்குள் போனாலும் ஓய்ந்துபோன டிராக்டர் ஒன்றையாவது பார்க்கலாம். டயர் காற்றிறங்கித் தரையோடு ஒட்டியிருக்கும். சீட்டின் இரும்புத் தகடு துருவேறியிருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டால், "சேடை ஓட்ட இழுக்கல, ரோட்டவேட்டருக்குத் தாங்கல, அதான் நிறுத்திட்டோம்" என்பார். அடுத்த சில ஆண்டுகளில் காயலான் கடைக்காரர் வருவார், எடைக்கு விலை பேசுவார், வண்டி போய்விடும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை செத்துப்போனவை அல்ல. கனமான வேலைக்கு ஆகாதவை, அவ்வளவுதான். அவற்றுக்கு ஏற்ற வேலை நம் தோப்புகளிலேயே காத்திருக்கிறது. புல் வெட்டும் வேலை. பழைய டிராக்டரைச் சீர்செய்து புல் வெட்டவைத்தால் இயந்திரம் பிழைக்கும், மண் பிழைக்கும், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைத்தொழிலும் பிழைக்கும். இந்த மூன்றுக்காகவும் உங்கள் நேரத்தைக் கேட்டு நிற்கிறேன்.

நம் முற்றத்தில் நிற்கும் வரலாறு

இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன? நாடு விடுதலை பெற்றபோது நம்மிடம் இருந்த டிராக்டர்கள் எல்லாம் கப்பலில் வந்தவை. 1959 ஏப்ரல் 24 அன்று ஃபரீதாபாத்தில் ஐஷர் நிறுவனத்தின் முதல் டிராக்டர் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சென்னையில் டாஃபே நிறுவனம் அமைந்தது. அமால்கமேஷன்ஸ் குழுமமும் மாஸி ஃபெர்குசனும் கைகோத்து செம்பியத்தில் டிராக்டர் செய்யத் தொடங்கின. 1840இல் குதிரைவண்டிகள் செய்யத் தொடங்கி, பின்னால் மோட்டார் வண்டிகளும் செய்த, அந்தக் குழுமத்தின் சிம்சன் நிறுவனம், 1950களிலிருந்து பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைச் சென்னையில் செய்துவந்தது. அதே குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கியது. ஆக, இன்ஜினும் பிஸ்டனும் வண்டியும் ஒரே நகரத்தில் உருவாயின. நம் பக்கத்தில் மாஸி வண்டிகள் இத்தனை இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிறகு 1971இல் செக்கோஸ்லோவாகியாவின் ஸெட்டார் தொழில்நுட்பத்தோடு எச்.எம்.டி. டிராக்டர் பிஞ்சோரில் பிறந்தது. துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வடிவமைப்பில், வெளிநாட்டுக் கூட்டு இல்லாமல், 1974இல் ஸ்வராஜ் வந்தது. பெங்களூரில் 1967இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து பவர் டில்லர் செய்தது. பின்னர் ஏறத்தாழ 18 குதிரைத்திறன் கொண்ட சக்தி எம்.டி. 180 டி என்ற சின்ன டிராக்டரையும் தந்தது. மூன்று சிலிண்டர், குறுகிய உடம்பு, மரங்களுக்கிடையே நுழைந்து திரும்பும் அளவு. நம் நாட்டில் தோட்ட டிராக்டர் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இந்த வண்டியைத்தான் காட்டுவேன்.

நம் பக்கத்து மாஸி வண்டிகளில் ஒன்றான 1035இன் வம்சத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்ற பொறியாளர், கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுக்காமல் மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்து ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும் முறையை உருவாக்கினார். அந்த முறையோடு 1936இல் வந்தது ஃபெர்குசன் பிரௌன் டிராக்டர். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் உருவான டி.ஈ. 20 வண்டி 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் வாரிசுதான் மாஸி ஃபெர்குசன் 35. மூன்று சிலிண்டர், ஏறத்தாழ இரண்டரை லிட்டர் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் அதன் நெஞ்சில் அமர்ந்தது. நம் 1035 அதன் வழி வந்தது. நீங்கள் இன்று டாப் லிங்க் என்றும் லிஃப்ட் ஆர்ம் என்றும் சொல்லுகிற ஒவ்வொன்றும் அந்த மனிதரின் சிந்தனை. உலகில் எந்தக் கம்பெனி டிராக்டராக இருந்தாலும் பெரும்பாலும் பின்னால் இந்த மூன்று புள்ளிகள்தான் இருக்கின்றன. அதனால்தான் நேற்றுச் செய்த, புல் வெட்டும் ஸ்லேஷரை நாற்பது ஆண்டுப் பழைய வண்டியில் இன்று மாட்ட முடிகிறது.

புல் பகையா?

ஏன் புல் வெட்ட வேண்டும்? உழுதுவிட்டால் ஆயிற்றே, மருந்தடித்தால் போயிற்றே என்று நினைக்கிறவர்கள் இங்கேயே இருப்பீர்கள்.

மலையடிவார நிலம் சமவெளி நிலம் அல்ல. அத்திமூர், படவேடு பக்கம் நிலம் மெல்லச் சரிந்து இறங்குகிறது. ஆவணி, புரட்டாசியில் இடியோடு வரும் மழையும், ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையும் இந்தச் சரிவில் ஓடித்தான் செய்யாற்றுக்கும் ஏரிகளுக்கும் போகின்றன. தோப்பு முழுவதும் உழுதோ மருந்தடித்தோ மொட்டையாகக் கிடந்தால், மழைத்துளி நேராக மண்ணில் விழும். மேல் மண் கரைந்து தண்ணீரோடு இறங்கும். உங்கள் தோப்பின் சத்து ஏரியில் வண்டலாகப் படியும். தோப்பும் மெலிகிறது, ஏரியும் மேடாகிறது.

புல்லை வேரோடு விட்டு மேலே மட்டும் வெட்டினால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டிய புல் தரையில் பரவி மூடாக்காகிறது, மக்கி உரமாகிறது. மா மரத்தின் சத்து உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல் மண்ணில்தான் அதிகம். ஒவ்வொரு உழவிலும் அவை அறுபடுகின்றன. புல் வெட்டும்போது அந்த வேர்களுக்குச் சேதம் இல்லை.

அதற்காக உழவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மல்லாட்டைக் கொல்லைக்குப் புழுதி உழவு வேண்டும். கன்று நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பாத்தியைச் சுற்றிக் களை எடுத்தே தீர வேண்டும். கோடையில் புல்லும் மரமும் தண்ணீருக்குப் போட்டிபோடும். ஆகவே தை மாதத்துக்குள் புல்லைக் குட்டையாக்கிவிட வேண்டும். வளர்ந்த தோப்பில், மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கே நான் புல்வெட்டைச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு பலன்கள் உண்டு. புல் குட்டையாக இருந்தால் கண்ணாடி விரியன் கண்ணில் படும். மாங்காய் பறிக்கிற பெண்கள் எங்கே கால் வைக்கிறோம் என்று தெரிந்து நடக்கலாம். காட்டோரத் தோப்புகளில் மாசி, பங்குனி மாதங்களில் ஆளுயரம் காய்ந்து நிற்கும் புல்தான் தீயை வேகமாக உள்ளே கொண்டுவருகிறது. வெட்டிச் சாய்த்த புல்லில் தீ தாழ்வாகவும் மெதுவாகவும்தான் நகரும்.

பார்த்தீனியத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1950களில் புனேயில் கண்ணில்பட்டு நாடெங்கும் பரவிய செடி அது. அதைப் பூப்பதற்கு முன்னால் வெட்டுங்கள். பூத்தபின் வெட்டினால் விதையை நாமே தூவியவர்களாவோம். மகரந்தமும் தூளும் மூக்கிலும் தோலிலும் ஒவ்வாமையைத் தரும். முகத்தை மூடிக்கொண்டு ஓட்டுங்கள்.

ஏன் பழைய வண்டி போதும்?

டிராக்டருக்கு மிகக் கடினமான வேலை எது? சேடை ஓட்டுவது. கேஜ் வீல் போட்டு முழங்கால் சேற்றில் வண்டி முழு பாரத்தோடு இழுக்கிறது. அச்சுவரை தண்ணீரும் சேறும் ஏறுகின்றன. ஆயில் சீல் தேய்ந்திருந்தால் சேறு உள்ளே போய் பேரிங்கை அரிக்கிறது. அடுத்தது கரும்பு டிரெய்லர். பத்து டன்னைப் பின்னால் கட்டிக்கொண்டு சாலையில் பிரேக்கை நம்பி ஓடுகிறது. தேய்ந்த கிளட்சும் தளர்ந்த பிரேக்கும் உள்ள வண்டியை இந்த இரண்டுக்கும் அனுப்பக் கூடாது.

புல் வெட்டுவது வேறு வகை. வண்டி எதையும் இழுப்பதில்லை, காய்ந்த தரையில் மெதுவாக நடக்கிறது. இன்ஜினின் சக்தி பின்னாலுள்ள பி.டி.ஓ. தண்டு வழியாகப் புல் வெட்டும் கருவிக்குப் போகிறது. ஒரே சீரான வேகம், ஒரே சீரான பாரம். வயதான இன்ஜினுக்கு இதைவிட இதமான வேலை கிடையாது.

எவ்வளவு சக்தி வேண்டும்? ஸ்லேஷரின் ஒரு அடி அகலத்துக்கு ஏறக்குறைய ஐந்து குதிரைத்திறன் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 35 குதிரைத்திறன் வண்டி தேய்ந்து 28 தந்தாலும் ஐந்தடி ஸ்லேஷரை ஓட்டும். 18 குதிரைத்திறன் சின்ன வண்டிக்கு மூன்றரை அடி போதும். ஐந்தடி ஸ்லேஷரோடு மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால், திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தபின்னும் ஒரு மணியில் ஒரு ஏக்கருக்கு மேல் முடியும். தோளில் பிரஷ் கட்டரைத் தொங்கவிட்டு நாள் முழுதும் அதிர்வைத் தாங்கும் தம்பியின் முதுகை நினைத்துப் பாருங்கள்.

எந்தப் புல்லுக்கு எந்த வெட்டு என்பதும் தெரிய வேண்டும். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் பிசிறை நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. உருளையில் சுற்றும் கத்தி, கீழே நிலையான கத்தி, இரண்டுக்கும் நடுவே புல் நறுங்கும். அது மைதானத்துப் புல்தரைக்கு. கல்லும் குச்சியும் கிடக்கும் தோப்பில் அது ஒரு நாளும் தாங்காது. தோப்புக்கு ஸ்லேஷர். தடித்த கத்திகள் படுக்கைவாட்டில் சுழன்று புல்லை அடித்து வெட்டும், துண்டாக்கிப் பரப்பும். மாட்டுத் தீவனத்துக்கு வெட்டுவதானால் இரண்டும் வேண்டாம். பல் வரிசை இடவலமாக ஓடும் கட்டர் பார் வேண்டும். அது தண்டை அடியில் அறுத்து முழுதாகச் சாய்க்கும், மண் கலக்காது. கம்பு நேப்பியரும் தீவனச் சோளமும் போட்டிருக்கிறவர்கள் அதைப் பாருங்கள். அதற்குத் தேவைப்படும் சக்தியும் குறைவு.

பிரிக்கும் முன் பாருங்கள்

இனி பட்டறைத் தோழர்களிடம் பேசுகிறேன். பல ஆண்டு நின்ற வண்டியைக் கண்டதும் பேட்டரி வைத்து செல்ஃப் அடிப்பதுதான் முதல் ஆசை. அதைச் செய்யாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். ரிங் லைனரோடு பிடித்திருந்தால் உடையும். முதலில் இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பாலைப்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீராக ஓடி டீசல் வாடை அடித்தால் பம்ப் வழியாக டீசல் இறங்கியிருக்கிறது. நாசில்களைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கையால் இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்து டீசல் பாதை. டேங்கை இறக்கித் துருவையும் பாசியையும் கழுவுங்கள். ஃபில்டர்களைப் புதிதாக மாற்றுங்கள். பம்பையும் நாசிலையும் வீட்டில் பிரிக்க வேண்டாம், கேலிபரேஷன் செய்யும் பட்டறைக்கு அனுப்புங்கள். திரும்ப மாட்டியபின் குழாய்களில் உள்ள காற்றை முறையாக எடுங்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் புகையைக் கவனியுங்கள். கறுப்பாக வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, ரிங்கையோ வால்வு கைடையோ பார்க்க வேண்டும். வெள்ளையாக வந்து சூடேறியபின்னும் நிற்காவிட்டால் நாசிலோ, ஹெட் கேஸ்கட்டோ, கம்ப்ரஷனோ சரியில்லை. ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், மறுபடி பூட்டும்போது டார்க் ரெஞ்ச் இல்லாமல் போல்ட்டில் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது ஏர் கிளீனர். நம் சிவந்த மண்ணின் புழுதிதான் இன்ஜினுக்கு எமன். ஆயில் பாத்திரத்தைக் கழுவிப் புது ஆயில் ஊற்றுவதோடு நிறுத்தாமல், அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் தடவிப் பாருங்கள். அதில் ஒரு கீறல் இருந்தால் புழுதி நேராக உள்ளே போகும். நேற்று மாட்டிய ரிங்கும் லைனரும் ஒரு பருவத்தில் போய்விடும். புல் வெட்டும்போது ரேடியேட்டரில் புல் விதையும் தூளும் அடைத்து வண்டி கொதிக்கும். ஆகவே முன்னால் ஒரு கம்பி வலை கட்டுங்கள். மாலையில் இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

நான்காவது கிளட்சும் பிரேக்கும் ஸ்டியரிங்கும். பழைய கிளட்ச் தட்டிலும் பிரேக் லைனிங்கிலும் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், அது நுரையீரலில் தங்கும். ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டிவிடுங்கள். கிங் பின்னில் ஆட்டம் இருந்தால் புஷ் மாற்றுங்கள். இடது வலது பிரேக் சமமாகப் பிடிக்கிறதா என்று பார்த்தபின்தான் வண்டி பட்டறையைவிட்டு இறங்க வேண்டும்.

கடைசியாகத்தான் பெயின்ட். பலர் அதையே முதலில் செய்கிறார்கள். பழைய பெயின்ட் ஓரளவு இருந்தால் அப்படியே விட்டுத் துருவை மட்டும் தேய்த்து எடுங்கள். தகட்டில் பொறித்த இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் மறையும்படி பெயின்ட் அடித்துவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தையும் கையோடு எடுங்கள். விவசாய டிராக்டரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். பழசாகிவிட்டது என்பதாலேயே அழிக்க வேண்டும் என்ற பேச்சுக்கு மயங்கி வண்டியை எடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உயிரைக் காக்கும் விதிகள்

ஸ்லேஷர் கத்தியின் நுனி எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது தெரியுமா? பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. கியர் பாக்ஸ் அதை ஒன்றேமுக்கால் மடங்காக்கினால், ஐந்தடி வட்டத்தில் சுழலும் கத்தி நுனியின் வேகம் நொடிக்கு 75 மீட்டரை நெருங்கும். மணிக்கு 270 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு கருங்கல் சில்லு அடிபட்டுப் பறந்தால் எதிரில் நிற்பவர் கதி என்ன? எனவே ஓட்டுமுன் தோப்பை நடந்து பார்த்துக் கல்லையும் கம்பியையும் பொறுக்குங்கள். ஸ்லேஷரின் முன்னும் பின்னும் சங்கிலித் திரை கட்டாயம். குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்தால் வண்டியை நிறுத்துங்கள்.

540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. மூடியில்லாத தண்டு கைப்பிடி அளவு தடிமன் இருந்தாலும் ஒரு நொடியில் இரண்டு மீட்டர் துணியைச் சுற்றிவிடும். நாலு முழ வேட்டியின் நீளமே அவ்வளவுதான். கத்துவதற்குள் முடிந்துவிடும். ஆகவே லுங்கி, வேட்டி, தோளில் துண்டு, துப்பட்டா, முந்தானை எதுவும் அந்தத் தண்டின் பக்கம் போகக் கூடாது. பிளாஸ்டிக் உறை உடைந்த தண்டை விற்பவரிடம் உறை கேட்டு வாங்குங்கள். புல் சிக்கினால் பி.டி.ஓ.வை விடுவித்து, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்தபின் கீழே குனியுங்கள்.

பழைய வண்டிகளுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. இதைப் பலர் அறியார். ஒற்றை கிளட்ச் வண்டியில் பி.டி.ஓ. தண்டு கியர் பாக்ஸோடு இணைந்தே சுற்றும். கிளட்சை மிதித்தால் இன்ஜின் விடுபடும். ஆனால் சுழல்கிற ஸ்லேஷர் கத்தியின் வேகம் தண்டு வழியாகத் திரும்பிவந்து கியர் பாக்ஸைச் சுற்றும். கிளட்ச் மிதித்தும் வண்டி நிற்காமல் முன்னால் நகரும். எதிரில் கிணறு இருந்தால்? இதற்குத் தீர்வு ஓவர் ரன்னிங் கிளட்ச் என்ற சின்னப் பொருள். தண்டின் நுனியில் மாட்டினால், வண்டியிலிருந்து ஸ்லேஷருக்குச் சக்தி போகும், ஸ்லேஷரிலிருந்து வண்டிக்குத் திரும்பாது. ஒற்றை கிளட்ச் வண்டியில் இது இல்லாமல் ஸ்லேஷர் மாட்டுவதைப் பட்டறைக்காரர்கள் மறுக்க வேண்டும். வாடிக்கையாளர் கோபித்தாலும் மறுக்க வேண்டும்.

சரிவில் குறுக்கே ஓட்டினால் வண்டி பக்கவாட்டில் கவிழும். மேலும் கீழுமாக ஓட்டுங்கள். செங்குத்தான இடத்தில் ஏறவே வேண்டாம். ஏரிக்கரைச் சரிவுக்கும், மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சாமைக் கொல்லைகளின் சரிவுக்கும் அரிவாளும் மாடும்தான் சரி. டிராக்டருக்குரிய நிலம் அடிவாரத்தோடு முடிகிறது. கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு பழைய வண்டிகளில் இருக்காது. முறையாக வடிவமைத்ததை வாங்கிப் பொருத்துங்கள். வெறும் குழாயை வளைத்துப் பற்றவைப்பது பாதுகாப்பாகாது.

உழவனின் அறமும் ஒன்று இருக்கிறது. தோப்பின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போனால், புல்லுக்குள் இருக்கும் காடையும் கௌதாரியும் முயலும் நடுவில் சிக்கிக் கத்திக்கு இரையாகும். நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள். அவை ஓடித் தப்பிக்க வழி இருக்கும். கூடு கண்ணில் பட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள். தோப்புக்கு அதனால் ஒரு குறையும் வராது.

அமெரிக்கர்கள் எதைக் காப்பாற்றினார்கள்?

அமெரிக்காவில் வீட்டைச் சுற்றிய புல்தரை வெட்டவும் சின்ன டிராக்டர்கள் வந்தன. வீல் ஹார்ஸ் நிறுவனம் 1946இல் இண்டியானாவில் தொடங்கியது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் 1961இலும், ஜான் டீரின் 110 என்ற வண்டி 1963இலும் வந்தன. அறுபது ஆண்டுகள் கடந்தும் அவற்றைச் சீர்செய்து வார இறுதியில் புல் வெட்டுகிறவர்கள் அங்கே ஏராளம். தகரத்துக்குப் பதில் வார்ப்பிரும்பு, ஒட்டியதற்குப் பதில் போல்ட் போட்டது, எந்தப் பாகத்தையும் சாதாரண ஸ்பானரால் கழற்றலாம் என்பவை அந்த வண்டிகள் நிலைக்கக் காரணம். புத்தகம் வைத்துக்கொண்டு ஒரு பள்ளி மாணவனும் கற்றுக்கொள்ள முடிந்தது.

நம் வண்டிகளும் அதே இனம்தான். நமக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. அவர்கள் உற்பத்தி நின்றுபோன வண்டிகளின் உதிரிப் பாகத்துக்கு அலைகிறார்கள். மாஸி இன்ஜினின் ரிங், கேஸ்கட், பேரிங் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. அந்த வரிசை இன்ஜின்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து உற்பத்தியானதால் பாகத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. கிடைக்காத புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்து கொடுக்கும் கைகள் நம்மிடம் இருக்கின்றன. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தால்தான் பழுது தெரியும் என்ற நிலை இந்த வண்டிகளில் இல்லை. காதும் மூக்கும் விரல் நுனியும் போதும். அந்தப் புலன்களுக்குப் பயிற்சி தரும் பள்ளிக்கூடம் இந்தப் பழைய இன்ஜின்தான். அதை நாம் எடைக்குப் போட்டுவிட்டால், தம்பிகளே, உங்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் இருந்தும் பாடப் புத்தகம் இருக்காது.

நாம் செய்யக்கூடியது

ஒரு தோப்புக்காரர் தனியாக ஸ்லேஷர் வாங்கினால் ஆண்டில் சில நாட்களே அதற்கு வேலை. நான்கைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். ஓய்ந்து நிற்கும் வண்டி ஒருவருடையது, ஸ்லேஷர் பொதுவானது, டீசலும் ஓட்டுநர் கூலியும் வெட்டிய ஏக்கர் கணக்கில் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். மழை முடிந்து ஒரு வெட்டு, மா பூப்பதற்கு முன் ஒரு வெட்டு, கோடை மழைக்குப் பின் தேவைப்பட்டால் ஒன்று. புல்லை மொட்டையடிக்காமல் மூன்று நான்கு அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஊர்ப் பள்ளி மைதானத்தையும் அதே வண்டி வெட்டித் தரட்டும்.

பட்டறைக்காரர்களே, ஒரு வண்டியைச் சீர்செய்யத் தொடங்கினால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தப் பாகம், எந்த அளவு, எந்த இடைவெளி வைத்தோம் என்று தமிழில் எழுதுங்கள். உங்கள் தலைக்குள் இருப்பது உங்களோடு போய்விடக் கூடாது. ஐ.டி.ஐ. மாணவர்களே, அந்த நோட்டை எழுதும் வேலையை நீங்கள் கேட்டு வாங்குங்கள். எழுதுகிறவனுக்குத்தான் முதலில் விளங்கும்.

எந்த வண்டியும் சீர்செய்யத் தக்கது என்று நான் சொல்லமாட்டேன். இன்ஜின் பிளாக் வெடித்திருந்தால், கியர் பாக்ஸ் உறை உடைந்திருந்தால் அதை இன்னொரு வண்டிக்குப் பாகங்கள் தரும் வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முடிவை எடைக்காரரின் தராசு எடுக்கக் கூடாது. ஆயிலை இறக்கிப் பார்த்து, நாசிலைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த ஒரு மெக்கானிக் எடுக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு ஒரு நாள் கூலிக்கு மேல் செலவில்லை. இந்தப் பருவ மழை தொடங்குவதற்குள் உங்கள் ஊரில் நிற்கும் ஒரு வண்டிக்காவது அந்த ஒரு நாளைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.